அனுப்பியது மாமா, சொன்னது யார்?

தமிழ்நாட்டில் செய்தி பார்ப்பவர்களுக்கு ஒரு கழித்தல் கணக்கு கைவந்திருந்தது. 1993-இல் சன் டிவி, 1999-இல் ஜெயா டிவி, 2006-இல் மக்கள் தொலைக்காட்சி, 2007-இல் கலைஞர் டிவி, 2010-இல் கேப்டன் டிவி என்று சேனல்கள் வந்துகொண்டே இருந்தன. எது எந்தக் கட்சியின் பக்கம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கும் முன்பு விடுதலை, முரசொலி என்று கட்சி, இயக்கப் பத்திரிகைகள். டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிப்பார். அடுத்தவர், "அது அவங்க பேப்பர்ப்பா, அப்படித்தான் போடுவான்" என்பார். செய்தியில் எவ்வளவு எடுத்துக்கொள்வது, எவ்வளவு தள்ளுவது என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

இன்று அந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை. காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் ஒரு வீடியோ கிடக்கிறது. அனுப்பியவர் மாமா. மாமா பொய் சொல்ல மாட்டார். அதனால் வீடியோவும் பொய்யாக இருக்காது என்று மனம் ஒரு படி தாவிவிடுகிறது. மாமா செய்தது ஒரே ஒரு பொத்தானை அழுத்தியதுதான். அதை எடுத்தவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் காசில் என்ற விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. செய்தியின் முதலாளி மறைந்து, அந்த இடத்தில் நமக்கு வேண்டியவரின் முகம் வந்து நிற்கிறது. அரசியல் பற்றியும் பண்பாடு பற்றியும் நாம் அன்றாடம் கொள்ளும் கருத்துகளில் பாதிக்கு மேல் இப்படி முகவரி இல்லாமல் வந்தவைதான் என்றால் மறுப்பவர் குறைவாகவே இருப்பார்கள்.

கருத்து எப்படி உருவாக்கப்படுகிறது?

முதல் வழி, திரும்பத் திரும்பச் சொல்வது. ஒரு கூற்றைப் பலமுறை கேட்டாலே அது உண்மையாகத் தோன்றத் தொடங்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977-இலேயே சோதித்துக் காட்டினார்கள். ஒரே வீடியோ அலுவலக குரூப், பள்ளித் தோழர் குரூப், தெரு குரூப் என மூன்று பக்கமிருந்து வரும்போது, மூன்று பேர் சாட்சி சொன்ன மாதிரி இருக்கும். உண்மையில் ஒரே பொய் மூன்று வாசல் வழியாக வந்திருக்கும்.

இரண்டாவது வழி, தேர்ந்தெடுத்துக் காட்டுவது. யூடியூப் எதை முன்னால் வைக்கும் என்பது, நீங்கள் எதைத் தொட்டீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு தலைவரைத் திட்டும் வீடியோ இரண்டைப் பார்த்தால், அடுத்து வருவதும் பெரும்பாலும் அதே ரகம்தான். ஊரே இப்படித்தான் பேசுகிறது என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் போனிலோ வேறொரு ஊர் பேசிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய நியூஸ் கார்டு. ஒரு போலிக் கார்டை நிதானமாகப் பாருங்கள். மேலே பிரபல சேனலின் லோகோ, நடுவில் அரசியல்வாதியின் படம், கீழே அவர் சொன்னதாக இரண்டு வரி. லோகோ அசலாகவே இருக்கும். ஆனால் எழுத்துரு அந்தச் சேனல் வழக்கமாகப் போடுவதாக இருக்காது. வரிகளுக்கு இடையே இடைவெளி சீராக இருக்காது. தேதி அழிந்திருக்கும், அல்லது பழைய கார்டின் தேதியே நிற்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: சேனல் வெளியிட்ட உண்மையான கார்டை எடுத்து, படத்தையும் தேதியையும் அப்படியே விட்டுவிட்டு, மேற்கோளை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். சேனலின் அதிகாரபூர்வப் பக்கத்துக்குப் போய் அதே தேதியில் தேடினால் அசல் கார்டு கிடைத்துவிடும். இரண்டு நிமிட வேலை.

நான்காவது, காசு கொடுத்துக் காட்டுவது. விளம்பரம் செய்தியின் உடையில் வரும். கட்சி விளம்பரம் சாதாரணப் பக்கத்தின் பெயரில் வரும். தேர்தல் காலத்துக் 'காசுச் செய்தி' பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010-இலேயே விசாரித்து எழுதியிருக்கிறது. இன்று அதன் களம் செல்போன் திரைக்கு மாறியிருக்கிறது.

வதந்தி வாங்கிய உயிர்

இதெல்லாம் வெறும் கருத்து விவகாரம் என்று ஒதுக்க முடியாது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் புகுந்திருப்பதாக வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் தகவல்கள் பரவின. அந்த நேரத்தில் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் காரை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது மூதாட்டி. கூட்டம் கூடியது. அவர் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்கள் தொழில்முறை ரவுடிகள் இல்லை. தங்கள் பிள்ளைகளைக் காப்பதாக நம்பிய ஊர்க்காரர்கள்.

அந்த ஆண்டு பல மாநிலங்களில் இதே வதந்தியோடு சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வருபவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் காட்சியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

2023 மார்ச்சில் அம்பு எதிர்த்திசையில் பாய்ந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுவதாக வீடியோக்கள் வடக்கே பரவின. திருப்பூர், கோவைப் பகுதித் தொழிலாளர்களிடம் பீதி கிளம்பியது. ஊரிலிருந்து பெற்றோர் அழுதபடி போன் செய்தார்கள். அந்த வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்த பிறகே நிலைமை தணிந்தது.

2018-இல் நாம் அவர்களைப் பற்றிய வதந்தியை நம்பினோம். 2023-இல் அவர்கள் நம்மைப் பற்றிய வதந்தியை நம்பினார்கள். இரண்டு முறையும் அனுப்பியவர் தெரிந்தவர். சொன்னவர் யாரென்றே தெரியவில்லை.

மறைந்தவர்கள் பேசும் மேடை

2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018-இல். அடுத்த மாதமே, 2016-இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அ.தி.மு.க. ஓர் உரையை வெளியிட்டது. இவை இரண்டும் அந்தந்தக் கட்சிகளே அறிவித்துச் செய்தவை. ஆனால் கட்சிக்குக் கிடைக்கும் கருவி, பெயர் தெரியாத ஆளுக்கும் கிடைக்கும். 'அவர் வாயாலேயே சொன்னார், நான் கேட்டேன்' என்பது இனி சாட்சி ஆகாது. எங்கே, என்று, எந்தக் கூட்டத்தில் பேசினார் என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

உங்கள் உரிமை எதுவரை, பொறுப்பு எதுவரை?

கருத்துச் சொல்வது அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் அடிப்படை உரிமை. அரசை, அமைச்சரை, கட்சியை விமர்சித்து எழுதுவது தன்னளவில் குற்றமாகாது. இணையத்தில் 'தொல்லை தரும்' பதிவு போட்டால் கைது என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்தது. எது பொய் என்று தன் துறை சார்ந்த விஷயங்களில் தானே முத்திரை குத்த ஒன்றிய அரசு கொண்டுவந்த உண்மை கண்டறியும் பிரிவுக்கான விதியையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. தமிழ்நாடு அரசுக்கும் 2023 முதல் ஓர் உண்மை சரிபார்ப்பகம் இருக்கிறது. அரசு தரும் மறுப்பைப் படியுங்கள். அதுவும் ஒரு தரப்புதான் என்பதை மறவாமல் படியுங்கள்.

பொறுப்பும் உண்டு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-இல் முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், அது வேறொருவர் எழுதியது, படிக்காமல் பகிர்ந்தேன் என்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் இதை ஏற்கவில்லை. அனுப்பும் வரைதான் செய்தி நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, விட்ட பிறகு அது வில்லிலிருந்து கிளம்பிய அம்பு, விளைவுக்கு விட்டவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். உச்ச நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளியது. 'ஃபார்வர்டு மட்டும்தான் பண்ணேன்' என்ற சாக்கு இனி எடுபடாது.

பீதியையோ, பிரிவினரிடையே பகையையோ தூண்டும் நோக்கில் பொய்த் தகவலும் வதந்தியும் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353, 196 பிரிவுகளின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அதேசமயம், உண்மை என்று நம்பத் தக்க காரணத்தோடு, நல்லெண்ணத்தில், தீய நோக்கமின்றிச் சொன்னதற்கு 353-ஆவது பிரிவே விலக்கு அளிக்கிறது. குரூப் அட்மின்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம்: பிறர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியது. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் பதற வேண்டாம். எழுத்துபூர்வமான நோட்டீஸ் கேளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

எங்கே புகார் செய்வது?

எந்தப் புகாருக்கும் முதலில் ஆதாரம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பதிவின் இணைப்பு, தேதி, நேரம் ஆகியவற்றைச் சேமித்துவிட்டுப் புகார் செய்யுங்கள். அழிந்த பிறகு தேடினால் கிடைக்காது.

*சமூக ஊடகம்:* 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரங்களை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் தந்த பதில் திருப்தியில்லை என்றால், 30 நாளுக்குள் ஒன்றிய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே போகலாம், வக்கீல் வேண்டியதில்லை. உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பினாலோ, உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கினாலோ தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

*தொலைக்காட்சி:* முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் எழுதிவிடுவது நல்லது. பதில் சரியில்லை என்றால், அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுய ஒழுங்கு அமைப்புக்குக் கொண்டுபோகலாம். இந்தச் சுய ஒழுங்கு முறைக்குப் பல் போதவில்லை என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் குறைபட்டுக்கொண்டது உண்மை. ஆனாலும் திருத்தமும் மன்னிப்பும் கேட்டுப் பெற இதுதான் வழி.

*பத்திரிகை:* ஆசிரியருக்கு எழுதுங்கள். பலனில்லை என்றால் நாளிதழ், வார இதழ் விஷயத்தில் வெளியான இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கவுன்சிலுக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம்.

*தேர்தல் காலம்:* விளம்பரம் என்று சொல்லாமல் செய்தி போல வந்தால், மாவட்டத் தேர்தல் அலுவலரின் கீழ் இயங்கும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். காசுச் செய்தி என்று உறுதியானால் அதன் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறும். நடத்தை விதி மீறலைப் புகார் செய்ய தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதி இருக்கிறது. முகநூலிலும் கூகுளிலும் அரசியல் விளம்பரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதை அவற்றின் விளம்பரத் தொகுப்பில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

வாட்ஸ்அப்பில் ஒரு தகவலின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனமே 2020-இல் கட்டுப்படுத்தியது. அந்தக் குறியைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து நிறுத்தி வைத்தால், முகப்பில் வந்து குவியும் பரிந்துரைகள் ஓய்ந்துவிடும். சந்தேகமான படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் அதன் பழைய தேதி வெளிவரலாம். யூடர்ன், நியூஸ்செக்கர், ஃபேக்ட் கிரெசென்டோ போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் தமிழிலேயே இருக்கின்றன.

வீட்டுப் பெரியவர் போலி வீடியோ போட்டால் குரூப்பில் எல்லோர் முன்னாலும் திருத்த வேண்டாம். மானப் பிரச்சினை ஆகிவிடும். பிறகு அவர் அந்தப் பொய்யையே பிடித்துத் தொங்குவார். தனியாகக் கூப்பிட்டு, "பெரியப்பா, நீங்க அனுப்புன வீடியோ வேற ஊர்ல எடுத்ததாம். நீங்களே ஒரு வார்த்தை குரூப்ல போட்டுடுங்களேன், நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள். மரியாதை குறையாமல் திருத்தம் நடக்கும்.

எந்தக் கட்சியை ஆதரிப்பது, எந்தப் பண்பாட்டைப் போற்றுவது என்பது அவரவர் விருப்பம். அதை வேறு யாரோ காசு போட்டுத் தீர்மானிக்க விடக் கூடாது. சொன்னது யார், எப்போது சொன்னது, யார் காசில் சொன்னது என்ற மூன்றுக்கும் விடை தெரியாத எதையும், அது உங்களுக்குப் பிடித்த கருத்தாகவே இருந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.