புறாவை அடக்கிய குரு அரை நிமிடத்தில் 'அவுட்'!

சீனாவில் செங்டு நகரம். 2017-ம் வருஷம், ஏப்ரல் 27-ந்தேதி.

ஒரு பக்கம் 'தாய்-சி' குரு வெய் லெய். லேசுப்பட்ட ஆள் அல்ல! உள்ளங்கையில் உட்கார்ந்த புறா பறக்க முடியாமல் தவிக்கும். தர்பூசணியில் ஒரு தட்டு தட்டினால் தோல் கீறாது, உள்ளே மட்டும் கூழாகிவிடும். இப்படியெல்லாம் அரசு டெலிவிஷனிலேயே காட்டப்பட்ட ஆசாமி!

எதிரே ஷூ சியாவ்டாங். பெய்ஜிங் விளையாட்டுப் பள்ளி ஒன்றில் 'சான்டா' பழகியவர். "மந்திரம், தந்திரம் எல்லாம் புருடா. வந்து மோதிப் பாரு!" என்று குருமார்களைச் சீண்டிக்கொண்டே இருந்தவர்.

மோதினார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. குரு பொத்தென்று தரையில்! மேலே பாய்ந்து ஷூ சரமாரியாகக் குத்த, குறுக்கே புகுந்து விலக்க வேண்டியதாயிற்று.

அது என்ன சான்டா?

சினிமாவில் பார்க்கிற 'குங்-ஃபூ' பல்டி இதில் கிடையாது. குத்து, உதை, தூக்கிப் போடுவது, இந்த மூன்றுதான். எல்லாமே நிஜ அடி.

1928-ல் நான்கிங் நகரத்தில் அரசாங்கமே மேடை போட்டு வாத்தியார்களை மோத விட்டது. காயம் குவிந்தது. கடைசிக் கட்டத்தில் பிணம் விழுந்துவிடும் என்று பயந்து மோதலையே நிறுத்திவிட்டார்கள்! பிறகு வந்த கம்யூனிஸ்டு ஆட்சியில், அழகாக ஆடிக்காட்டும் வரிசைகளுக்குத்தான் மரியாதை. 1979-ல்தான் சில விளையாட்டுக் கல்லூரிகளில் நிஜ மோதலைப் பரீட்சார்த்தமாக மறுபடி ஆரம்பித்தார்கள். 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுக்கே வந்துவிட்டது.

மேடை 8 மீட்டருக்கு 8 மீட்டர். உயரம் 80 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட கடை மேஜை உயரம். சுற்றிக் கயிறு கிடையாது! தள்ளினால் கீழே போக வேண்டியதுதான். ஒரே சுற்றில் இரண்டு தடவை கீழே விழுந்தால் அந்தச் சுற்று காலி. சுற்றுக்கு 2 நிமிடம். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். குத்துக்கு 1 புள்ளி. மார்பிலோ தலையிலோ உதை விழுந்தால் 2. எதிராளியைச் சாய்த்துவிட்டு, தான் விழாமல் நின்றாலும் 2. பின்மண்டை, கழுத்து, மர்ம ஸ்தானம் இங்கெல்லாம் கை வைக்கக்கூடாது.

விழவும் பழகணும்

பயிற்சியில் அடிக்க மட்டும் பழகினால் போதாது, விழவும் பழக வேண்டும். தலை தரையில் மோதாமல், மூச்சு அடைக்காமல், முதுகில், பக்கவாட்டில், முன்னால் என்று நூற்றுக்கணக்கில் விழுகிறார்கள். அப்புறம் ஓட்டம், கயிறு தாண்டுதல், மெத்தைப் பலகையில் உதை. உதைக்க வரும் காலை லபக்கென்று பிடித்து, நிற்கிற காலை வாரிவிடுவது சான்டாவின் தனி முத்திரை. கால் பறக்கும் வேகத்தில் அதைப் பிடிப்பது விளையாட்டல்ல. பிடி தவறினால் விலா எலும்பு பேசும்!

எல்லாவற்றுக்கும் மேலே, ஜோடி மோதல். எதிரே நிற்பவன் சொல்லி வைத்தபடி விழமாட்டான். திருப்பி அடிப்பான். குருவிடம் இல்லாதது இதுதான். கைகட்டி நின்ற சீடர்கள் குரு விரலை நீட்டியதும் விழுந்தார்கள், ஷூ விழவில்லை. 'தாய்-சி' உடம்புக்கு நல்லது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு, அடிதடி வேறு.

ஷாவ்லின் மடம் இருக்கும் டெங்ஃபெங் ஊரில் 'டாகோ' என்ற ஒரே பள்ளியில் 30 ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள். சான்டாவும் அங்கே பாடம். பலர் கிராமத்துப் பிள்ளைகள். பட்டாளம், போலீஸ், காவல் வேலை... இந்தக் கனவோடுதான் இடி வாங்குகிறார்கள்.

ஜெயித்தவருக்கு வந்த வினை

செங்டுவில் ஜெயித்த ஷூவுக்கு மாலையா விழுந்தது? திட்டுதான் விழுந்தது! தேசியக் கலையைக் கேவலப்படுத்தினார் என்று கொதித்தார்கள். வூஷூ சங்கம் கண்டித்தது. அவருடைய வலைத்தளக் கணக்கு மூடப்பட்டது. இவரைத் தோற்கடிக்கும் 'தாய்-சி' வீரர்களுக்கு 1 கோடி யுவான் என்று ஒரு குளிர்பான முதலாளி பரிசே அறிவித்தார்.

அப்புறம் கோர்ட்டு. 'தாய்-சி' மூத்த குரு சென் சியாவ்வாங்கை மோசடிப் பேர்வழி என்று பேசியதற்காக அவதூறு வழக்கு. தீர்ப்பு ஷூவுக்கு எதிர்! நஷ்டஈடு கட்டு, மன்னிப்பு கேள் என்று உத்தரவு. 2019-ல் அவருடைய 'நன்னடத்தை மதிப்பு' குறைக்கப்பட்டது. விமான டிக்கெட் கிடையாது. அதிவேக ரெயில் டிக்கெட்டும் கிடையாது. ஊர் ஊராகப் போய் மோதுகிற மனுஷன், சாதா ரெயிலில் ஆடி அசைந்து போனார்.

அதே வருஷம் மேடையேறியபோது சொந்த முகத்தையும் காட்ட முடியவில்லை, சொந்தப் பெயரையும் போட முடியவில்லை. முகத்தில் கோமாளிச் சாயம். வைத்துக்கொண்ட பெயர் 'டாங்குவா'. நம்ம ஊர் பாஷையில் வெள்ளைப் பூசணி!

அந்தச் சண்டையிலும் பூசணிதான் ஜெயித்தது.