வயர்க்கூடையும் பால்வெட்டிய கைகளும்

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட இரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. பின்னாளில் அம்மாநிலமெங்கும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதால், பால்வெட்டிய குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற இடங்களில் குடியேறின. அக்குடும்பங்களைச் சேர்ந்த, அறுபது வயதை எட்டிய பெண்களுக்கு வயர்க்கூடை பின்னக் கற்றுக்கொடுப்பது எளிதா?

எளிதன்று. மாணவர்கள் தவறாக எழுதினால் அழித்துவிட்டு மீண்டும் எழுதுவர். பெரியவர்களோ பிறர் முன்னிலையில் தவறிவிடுவோமோ என்று கூசுவர். ஆசிரியை மகள் வயதினர் என்றால் கூச்சம் இன்னும் கூடும். “இந்த வயசுல எனக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்?” என்று கேட்பவரைச் சோம்பேறி என எண்ணிவிடக் கூடாது, அவர் அஞ்சுகிறார்.

கண்பார்வையும் ஒரு தடைதான். கறுப்பு வயரில் போட்ட முடிச்சு முதியவர்களுக்குச் சரியாகத் தெரியாது. வெளிர்நிற வயரில் தொடங்கலாம். எதிரே அமர்ந்து செய்துகாட்டினால் இடமும் வலமும் மாறித் தெரியும். பக்கத்தில் அமர்வதே நல்லது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி வகுப்புக்கு வரமாட்டார். அன்று கூடையின் அடிப்பகுதியைப் பின்னக் கற்பித்திருந்தால், அடுத்த வாரம் அவருக்கு எதுவும் விளங்காது. ஆகவே, ஒவ்வொரு வகுப்பிலும் முந்திய பாடத்தை மீண்டும் செய்துகாட்ட வேண்டியுள்ளது.

பெரியவர்கள் தங்கள் அனுபவத்தோடு கற்க வருகிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தினார். இப்பெண்களின் அனுபவம் அவர்களின் கைகளில் இருக்கிறது. பொழுது விடியுமுன் மரப்பட்டையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவியவர்கள் அவர்கள். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் படும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். வயரை இழுப்பதிலும் இத்தகைய அளவு வேண்டும். இறுக்கினால் அடிப்பகுதி சுருங்கும். தளர்த்தினால் கூடை சாயும். “பட்டை சீவும்போது எப்படிம்மா அழுத்துவீங்க?” என்று ஆசிரியை கேட்டால் போதும், கூசியிருந்தவரே பேசத் தொடங்குவார்.

கோணலான கூடையை வாங்கித் தானே சரிசெய்துவிட ஆசிரியருக்குக் கை துறுதுறுக்கும். அதை அடக்குவதுதான், என் எண்ணத்தில், மிகக் கடினமானது. ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துக் காட்டிவிட்டுக் கூடையை உரியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் பின்னும் முதல் கூடை சற்றுச் சாய்ந்துதான் இருக்கும். மறுநாள் காலை அதில்தான் அவர் சந்தையிலிருந்து கீரையும் மீனும் வாங்கி வருவார்.