அம்மம்மாவின் டேப்பும் ஒரு ஃபயர்வயர் கார்டும்



இந்த வார எபிசோட்டில் தண்டர்போல்ட், யுஎஸ்பி4 பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சோம். 40 கிகாபிட், 80 கிகாபிட் என்று நம்பர்கள் பறந்தது. ஆனா என்ட டெஸ்க்டாப்பில் நான் கடைசியாப் போட்ட கார்டின் வேகம் வெறும் 400 மெகாபிட். தண்டர்போல்ட் 3-இன் வேகத்தில் நூறில் ஒரு பங்கு. ஏன் போட்டேன் என்ற கதைதான் இந்த மடல்.

பிஸ்கட் டின்

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கட வீட்டுக் கராஜைத் துப்புரவாக்கும்போது அம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தா. உள்ளே 11 மினி டிவி டேப்.

2002-இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. வெளிநாட்டில் இருந்த எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் 2004 ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போனோம். அப்பா கமராவோட போனார். எனக்கு நாலு வயசு. அம்மம்மாவை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடுப்பட்டது. அடுத்த முறை நாங்கள் போனபோது அவ இல்லை.

"அவவின்ட குரல் இதுக்குள்ளதான் இருக்கு பிள்ளை. உன்ட பெரிய கம்ப்யூட்டரில போட்டுப் பார்க்க ஏலாதோ?"

ரேடிங் கூலர், கண்ணாடிக் கேஸ், ஆர்ஜிபி எல்லாம் வைச்சு நானே கட்டின மெஷின். அதில் இந்த டேப்பைச் செருக ஒரு வாசல்கூட இல்லை.

ஏன் ஃபயர்வயர்?

மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரைக் குத்தி, யுஎஸ்பி கேப்சர் குச்சியில் பதியலாமே என்று கேட்பீங்கள். பதியலாம். ஆனா மினி டிவி டேப்பில் இருப்பதே டிஜிட்டல் தரவு. அதைக் கமரா அனலொக்காக மாற்றி, குச்சி திரும்ப டிஜிட்டலாக மாற்றினால் தரம் போகும். ஃபயர்வயரில் எடுத்தால் டேப்பில் உள்ள பிட்கள் அப்படியே வரும். பதிவான திகதி, நேரம்கூடக் கூடவே வரும்.

ஃபயர்வயர் என்பது அப்பிள் வைச்ச பெயர். சோனி ஐ.லிங்க் என்றது. 1995-இல் ஐட்ரிபிள்இ 1394 என்று தரநிலையானது. அதன் பலம் வேகம் மட்டும் இல்லை. விநாடிக்கு 8000 தடவை, அதாவது 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு தரம், வீடியோவுக்கு என்று ஒரு நேரத்துண்டை ஒதுக்கி வைக்கும். டேப் ஓடிக்கொண்டிருக்கும், காத்திருக்காது. அதனால் இந்த உத்தரவாதம் முக்கியம்.

பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறையில் ஒரே ஒரு லேன் விநாடிக்கு 250 மெகாபைட் தரும். ஃபயர்வயர் 400-க்குத் தேவை 50 மெகாபைட். டிவி வீடியோவுக்கு 4 மெகாபைட்கூட வேண்டாம். சின்ன எக்ஸ்1 கார்ட் தாராளம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாப் பார்த்து, 40 டொலர் சொச்சத்துக்கு வாங்கினேன். ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாக ஒரு கேபிள் ஒன்லைனில் விற்குது. வாங்காதீங்கோ. உள்ளே வயர் மட்டும்தான், மொழி மாற்றும் சிப் இல்லை.

கார்ட் இருக்கு, ஆனா இல்லை

முதல் சிக்கல் இடம். என்ட கிராஃபிக்ஸ் கார்ட் மூன்று ஸ்லொட் தடிப்பு. எக்ஸ்1 ஸ்லொட் அதுக்குக் கீழே மறைஞ்சு போச்சு. பரவாயில்லை, எக்ஸ்1 கார்ட் பெரிய எக்ஸ்16 ஸ்லொட்டிலும் வேலை செய்யும். அடியில் இருந்த ஸ்லொட்டில் போட்டேன்.

டிவைஸ் மனேஜரில் ஒன்றும் இல்லை. கழற்றித் திரும்பப் போட்டேன். பயாஸைப் புதுப்பிச்சேன். கார்ட்தான் பழுது என்று விற்றவருக்குக் கோபமாக மெசேஜும் டைப் பண்ணிட்டேன். அனுப்ப முதல் மதர்போர்ட் மனுவலைத் திறந்தேன். சின்ன எழுத்தில் ஒரு வரி: இரண்டாவது எம்.2 ஸ்லொட்டில் எஸ்எஸ்டி இருந்தால் அந்த பிசிஐ ஸ்லொட் அணைஞ்சிடும். இரண்டுக்கும் ஒரே லேன்கள். எஸ்எஸ்டியைக் கழற்றினேன், கார்ட் வந்துது. மெசேஜை அழிச்சேன்.

இரண்டாவது சிக்கல் டிரைவர். விண்டோஸ் 8-இலிருந்து பழைய 'லெகசி' டிரைவர் கூட வருவதில்லை. மைக்ரோசொஃப்ட் அதைத் தனியாகத் தந்தது. அதை நிறுவி, டிவைஸ் மனேஜரில் கையால் தெரிவு செய்தபிறகுதான் கமரா தெரிஞ்சுது. அப்பாவின் கமரா செத்துப் போனதால் ட்ரேட் மீயில் பழசு ஒன்று எடுத்தேன்.

பிறகு விண்டிவியில் பதிவு. ஒரு மணித்தியால டேப்புக்கு ஒரு மணித்தியாலம் வேணும், வேகமாக்க வழியில்லை. ஒரு டேப்புக்கு 13 ஜிபி அளவு இடம். பழைய ஹார்ட் டிஸ்கே காணும்.

ஏழாவது டேப்

அம்மம்மா முற்றத்தில் இருந்து பனம்பழம் பிசையிறா. பணியாரத்துக்கு. அப்பா கிட்டப் போய்ப் படம் எடுக்க, "தம்பி, அதை வைச்சிட்டு வந்து சாப்பிடுங்கோ" என்றா. பக்கத்தில் நான். வாயில் வைச்ச பணியாரத்தைத் துப்பிட்டு, "ஐ டோன்ட் லைக் இட்" என்கிறேன். "பிள்ளை என்ன சொல்லுது?" என்று அம்மம்மா கேட்க, கமராவுக்குப் பின்னால் அப்பா: "நல்லா இருக்காம் மாமி."

அம்மா சிரிச்சா. பிறகு திரும்பப் போடச் சொன்னா. மூன்று தரம் பார்த்தோம்.

ஒன்பதாவது டேப்பில் கடைசி 20 நிமிஷம் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. ஹெட்டைத் துடைச்சும் வரேல்லை. நாங்கள் வெளிக்கிட்ட நாள் அதில் இருந்தது.

நீங்கள் செய்வதென்றால்

• கஸெட்டின் பின்பக்கச் சுவிட்சை 'சேவ்' பக்கம் தள்ளுங்கோ. தவறுதலாக அழியாது.
• பதிய முதல் டேப்பை ஒரு தரம் முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றுங்கோ.
• கமரா 'பால்' முறையா என்று பாருங்கோ. அமெரிக்க என்டிஎஸ்சி கமராவில் எங்கட டேப் ஒழுங்கா ஓடாது.
• எல்பி முறையில் பதிஞ்ச டேப் வேறு கமராவில் குழப்பலாம். பழைய கமரா உயிரோடு இருந்தால் அதையே பாவியுங்கோ.
• கார்டில் 6 பின், கமராவில் 4 பின். கேபிள் அதுக்கேற்ற மாதிரி வேணும். இரண்டையும் அணைச்சுவிட்டுக் குத்துங்கோ.

இதை 'பிறகு பார்ப்பம்' என்று வைக்காதீங்கோ. 2025-இல் வந்த மெக்ஓஎஸ் டாஹோ ஃபயர்வயரைக் கைவிட்டிட்டுது. லினக்ஸில் 2029 வரைக்கும் பராமரிப்பதாகச் சொல்லியிருக்கினம். டேப்பும் எங்களுக்காகக் காத்திருக்காது.

கார்ட் இன்னும் என்ட மெஷினில்தான் இருக்கு. ஓக்லாந்தில் இருக்கிற யாரிடமாவது டேப் இருந்தால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. ஒரு சனிக்கிழமை கராஜைத் திறந்து வைப்பம். தேத்தண்ணி அம்மா போடுவா.