காது சொல்வதைக் கண் பார்க்கிறது!

பொங்கல் விடுமுறையில் சொந்த ஊரான அனந்தபுரத்திற்குப் போயிருந்தேன். ஒரு நாள் அப்பாவுடன் செஞ்சிக்குப் போய் ராஜகிரி கோட்டை ஏறினேன். சுமார் 800 அடி உயரம். பாதி வழியில் அப்பா சுவரில் கை வைத்து கொஞ்ச நேரம் நின்றார். அதை மொபைலில் வீடியோ எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அந்த கிளிப்பை இரண்டு பைல்களாகச் சேமித்தேன். ஒன்றில் சோகமான வயலின். மற்றொன்றில் கல்யாண வீட்டு நாதஸ்வரம். முதல் பைலைப் பார்த்த அம்மா பதறிவிட்டார். "ஏம்பா, அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சுதா? எங்கிட்ட மறைச்சிட்டீங்களா?" இரண்டாவதைப் பார்த்த தங்கையோ, "அப்பா என்னமா போஸ் கொடுக்கிறார்!" என்று சிரித்தாள். இரண்டு பைல்களிலும் காட்சி ஒன்றுதான். ஒரு பிரேம் கூட மாறவில்லை.

அம்மாவைச் சமாதானப்படுத்திய பிறகு காரணம் தேடினேன். 1997-ல் வெளியான ஒரு சோதனை இது. திரையில் இரண்டு வட்டங்கள் எதிரெதிரே வந்து, நடுவில் சேர்ந்து, பிரிந்து போகும். சத்தம் இல்லாவிட்டால், ஒன்றையொன்று கடந்து போவதாகவே பெரும்பாலும் தெரியும். சேரும் நொடியில் 'டிக்' என்று ஒலித்தால், மோதித் திரும்புவதாகத் தெரியும். 2000-ல் வெளியான இன்னொரு சோதனையில், ஒரே ஒரு முறை மின்னிய ஒளியுடன் இரண்டு 'பீப்' ஒலிகள் தரப்பட்டன. பார்த்தவர்களுக்கு ஒளி இரண்டு முறை மின்னியதாகத் தோன்றியது.

இசைக்கும் இந்த சக்தி உண்டு. முக்கோணங்களும் வட்டமும் நகரும் படத்தை வேறு வேறு இசையுடன் காட்டிய 1988-ம் ஆண்டு ஆய்வில், அந்த உருவங்களின் குணத்தைப் பற்றிய கருத்தே இசைக்கு ஏற்ப மாறியது. வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) நமக்குப் புரிந்ததில் பின்னணி இசைக்கும் பங்கு உண்டு.

மூளை கண்ணையும் காதையும் தனித்தனியாக நம்புவதில்லை. இரண்டிலிருந்தும் வரும் தகவல்களைச் சேர்த்து ஒரே முடிவு எடுக்கிறது. காட்சி தெளிவாக இல்லாத இடத்தில் காது சொல்வதற்கு மதிப்பு கூடுகிறது. அப்பா நின்றது களைப்பாலா, வலியாலா, பெருமையாலா என்று படத்தில் இல்லை. அதை இசை சொல்லிவிட்டது.

நீங்களும் செய்து பாருங்கள். விண்டோஸ் 11-ல் உள்ள கிளிப்சாம்ப்பில் ஒரு வீடியோவைத் திறந்து, டைம்லைனுக்கு இழுத்து விடுங்கள். அதன் ஒலியை நிறுத்திவிட்டு வேறு இசையைச் சேருங்கள். பிறகு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அவ்வளவுதான்!

இது இவ்வளவு சுலபம் என்பதுதான் பயம். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ உங்களைக் கோபப்படுத்தினால், ஃபார்வர்டு செய்யும் முன் ஒலியை நிறுத்தி மறுபடி பாருங்கள். விஎல்சி பிளேயரில் எம் கீயை அழுத்தினால் போதும். கோபம் காட்சியில் இருந்ததா, இசையில் இருந்ததா என்று தெரிந்துவிடும்.