நிறுத்திவைப்பதும் நீக்குவதும் ஏன்?

லினக்ஸ் வகைக் கணினியில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டு, இணையத்தில் உள்ள பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொணர்ந்து நிறுவுதல், புதுப்பித்தல், நீக்குதல் ஆகிய பணிகளைச் செய்யும் நிரல் பொதி மேலாளர் எனப்படும். 1993-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெபியன் இயங்குதளத்தின் பொதி மேலாளர் ‘ஆப்ட்’ ஆகும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் இதனையே பயன்படுத்துகின்றன.

பொதிகள் தனித்து இயங்குவதில்லை. படம் வரையும் மென்பொருள், எழுத்துகளைக் காட்ட ஒரு பொதியையும் படக்கோப்பைத் திறக்க வேறொரு பொதியையும் நாடும். இதுவே சார்பு எனப்படும். தெருவில் உள்ள வீடுகளெல்லாம் ஒரே கிணற்றில் நீர் இறைப்பதுபோல, ஒரே துணைப் பொதியைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும். ஆகவே ஒன்றை மாற்றும்போது மற்றவை பழுதுபடாமல் காப்பது பொதி மேலாளரின் கடமையாகிறது.

புதுப்பிக்கும்போது சில பொதிகள் ‘நிறுத்திவைக்கப்பட்டன’ என்னும் செய்தி தோன்றுவதுண்டு. இது பிழையன்று. புதிய பதிப்பை நிறுவ, முன்பே உள்ள பொதி ஒன்றை நீக்க நேரிடலாம். ‘அப்கிரேட்’ என்னும் வழக்கமான கட்டளைக்கு எதையும் நீக்கும் உரிமை இல்லை. எனவே ஆப்ட் பழைய பதிப்பையே விட்டுவைக்கிறது. ‘ஃபுல்-அப்கிரேட்’ என்னும் கட்டளைக்கோ அவ்வுரிமை உண்டு. உபுண்டுவில் சில புதுப்பிப்புகள் முதலில் சிலருக்கு மட்டும் வழங்கப்பட்டு, குறை தென்படாவிடில் படிப்படியாக எல்லோருக்கும் செல்லும். முறை வரும்வரை அப்பொதிகளும் காத்திருக்கும்.

நீக்குவதற்கும் காரணம் உண்டு. ஒன்றோடொன்று முரண்படும் இரு பொதிகள் ஒருங்கே இருக்க இயலா. மேலும், ஒரு மென்பொருளுக்குத் துணையாக வந்த பொதி, அம்மென்பொருள் அகற்றப்பட்டபின் தேவையற்றதாகிவிடும். அத்தகையவற்றை ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை களைகிறது.

ஆயினும் இறுதி முடிவு மனிதரிடமே உள்ளது. 2021-ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த காணொலிப் படைப்பாளர் லைனஸ் செபாஸ்டியன், லினக்ஸ் கணினியில் ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகளின் பதிப்புகள் பொருந்தவில்லை. சாளரங்களைத் திரையில் காட்டும் பொதிகளை நீக்க நேரும் என்று ஆப்ட் பட்டியலிட்டது. அது தீங்காகலாம் என எச்சரித்து, ஒப்புதல் தொடர் ஒன்றைத் தட்டச்சு செய்யக் கேட்டது. அவர் அவ்வாறே செய்தார். சாளரங்கள் மறைந்தன, கரிய திரையில் எழுத்துகளே எஞ்சின. பொதிகளில் இருந்த பிழையே இதற்கு மூலம். ஆயினும் எச்சரிக்கை அவர் கண்முன்னேதான் இருந்தது. பின்னர், இன்றியமையாப் பொதிகளை அவ்வளவு எளிதில் நீக்க இயலாதவாறு ஆப்ட் திருத்தப்பட்டது.

நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை ஆப்ட் முன்னரே காட்டிவிடுகிறது. அதனைப் படித்து, சொந்தத் தேவைக்கு உரிய பெயர் எதுவும் அதில் இல்லை என உறுதிசெய்த பின்னரே ‘ஆம்’ என விடையளித்தல் வேண்டும்.

பயிற்சி

1. சார்பு என்பது யாது? பாடத்தில் உள்ள உவமையைக் கொண்டு விளக்குக.
2. பொதிகள் நிறுத்திவைக்கப்படுவதற்கான இரு காரணங்களை எழுதுக.
3. ‘எச்சரிக்கையைப் படிக்காமல் ஒப்புதல் தருவது’ குறித்து, அன்றாட வாழ்வில் கண்ட நிகழ்வொன்றை ஐந்து தொடர்களில் எழுதுக.