நெட் இழுக்கும் மலையில் முதல் ஐந்து நிமிடம்

"நெட் இழுக்குது." மொபைல் லெஜண்ட்ஸில் தோற்றுப்போன பிள்ளையைக் கேட்டால் முதலில் வரும் பதில் இதுதான். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் அதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. காம்பிராவுக்குள் ஒரு கோடு, லயத்து வாசலில் இரண்டு, மேட்டு ரோட்டுக்கு ஏறினால் நான்கு என்று சிக்னல் ஏறி இறங்கும் இடங்கள் சப்ரகமுவவில் ஏராளம். ஆனாலும் நெட்டின் தலையில் போடப்படும் தோல்விகளில் பல, ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் கணக்குப் பிழைத்ததால் வந்தவை. அந்தக் கணக்குக்கு மின்னல்வேக விரல் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

விளையாட்டைத் தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐவர் கொண்ட இரண்டு அணிகள். சதுர வரைபடத்தின் எதிரெதிர் மூலைகளில் அணிக்கொரு கோட்டை. இரண்டையும் மூன்று பாதைகள் இணைக்கின்றன. பிள்ளைகள் அவற்றை லேன் என்பார்கள். பாதை நெடுகக் காவலுக்கு டவர்கள் நிற்கும். கோட்டையிலிருந்து குறித்த இடைவெளியில் மினியன் எனப்படும் குட்டிப் படைவீரர்கள் கூட்டமாகப் புறப்பட்டு, தாமாகவே நடந்துபோய் எதிரிக் கூட்டத்தோடு மோதுவார்கள். கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை கிடைப்பதுபோல ஆட்டக்காரர்களும் லேன்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே மினியன்களை வீழ்த்தித் தங்கமும் அனுபவப் புள்ளியும் சேர்க்க வேண்டும். எதிரியின் கோட்டையை இடித்த அணி வென்றது.

இந்த அமைப்பைப் பெரிய நிறுவனம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்டார்கிராஃப்ட் என்ற பழைய விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த 'ஏயான் ஒஃப் ஸ்ட்ரைஃப்' என்ற வரைபடத்தில் அது முளைத்தது. 2003 இல் வோர்கிராஃப்ட் 3 விளையாட்டுக்குள் 'டோட்டா' வரைபடமாக வளர்ந்தது. பிறகு 2009 இல் லீக் ஒஃப் லெஜண்ட்ஸ், 2013 இல் டோட்டா 2, போனுக்காக 2016 இல் மொபைல் லெஜண்ட்ஸ். 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த வகை ஆட்டங்களுக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

புதிதாக ஆட வருகிறவர் செய்யும் முதல் தவறு, எதிராளியைத் துரத்துவது. லீக் ஒஃப் லெஜண்ட்ஸின் எண்களை வைத்துப் பார்ப்போம். அங்கே ஆட்டத்தின் தொடக்கத்தில் 30 செக்கனுக்கு ஒரு மினியன் கூட்டம் வரும்; அதை அலை என்பார்கள். சாதாரண அலையில் ஆறு மினியன்கள்: முன்னால் மூன்று வாள்காரர், பின்னால் மூன்று மந்திரக்காரர். வாள்காரருக்குத் தலைக்கு 21 தங்கம், மந்திரக்காரருக்கு 14. கூட்டினால் அலைக்கு 105. எதிராளியைக் கொன்றால் பொதுவாக 300. அதாவது மூன்று அலைகளைச் சிந்தாமல் சேர்த்தவருக்கு 315 தங்கம். ஒரு கொலையை விட அதிகம். கொலை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அலை தவறாமல் வரும். எதிராளியைத் துரத்திப் போய் அவன் டவரடியில் செத்தால், அவனுக்கு 300 கிடைப்பது ஒரு நட்டம். செத்துக் கிடக்கும் நேரத்திலும் திரும்பி நடக்கும் நேரத்திலும் தவறும் அலைகள் இரண்டாவது நட்டம். இந்த இரண்டாவதைத்தான் பிள்ளைகள் எண்ணுவதே இல்லை. நிறுவனங்கள் இந்த எண்களை அவ்வப்போது திருத்துவதுண்டு. கணக்குப் போடும் முறை மாறுவதில்லை.

லீக் ஒஃப் லெஜண்ட்ஸில் தங்கம் கிடைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மினியனின் உயிரைப் போக்கும் கடைசி அடி உங்களுடையதாக இருக்க வேண்டும். அனுபவப் புள்ளிக்குப் பக்கத்தில் நின்றாலே போதும். லேனில் தனியாக நிற்பவர் எதிரியின் முதல் அலையின் ஆறையும் இரண்டாவது அலையில் ஒரு வாள்காரரையும் தன் முன்னால் சாகவிட்டால் இரண்டாம் நிலைக்கு உயர்வார். எதிரியின் ஏழாவது மினியன் யாருக்கு முதலில் விழுகிறதோ, அவரிடம் சில செக்கன்களுக்கு இரண்டு வித்தைகள் இருக்கும், எதிரே நிற்பவரிடம் ஒன்றுதான். அடிக்கப் போவதானால் அந்த நேரத்தில் போக வேண்டும். இது வேகம் சார்ந்ததல்ல, ஏழு வரை எண்ணுவது.

இனி அலை. அலைகள் எங்கே மோதிக்கொள்கின்றன என்பதுதான் லேனின் உயிர். பிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் மோட்டார் கார் செய்தவர்; 1916 இல் வான்வழிப் போர் பற்றி ஒரு நூல் எழுதினார். எல்லோரும் எல்லோரையும் எட்டி அடிக்கக்கூடிய சண்டையில் ஒரு படையின் பலம் ஆட்களின் எண்ணிக்கையைப் போல அல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல வளரும் என்பது அவர் கண்ட விதி. சம பலமுள்ள நால்வரும் மூவரும் மோதினால் ஒருவர் மிஞ்சுவார் என்று நமக்குத் தோன்றும். லான்செஸ்டரின்படி 16 இலிருந்து 9 ஐக் கழித்து, மிஞ்சும் 7 க்கு வர்க்கமூலம் காண வேண்டும்: ஏறத்தாழ 2.6. மினியன் சண்டை இந்தச் சூத்திரத்துக்கு அச்சாகப் பொருந்தாது, ஆனால் போக்கு அதுதான். எதிர் அலையின் மந்திரக்காரரில் இருவரை மட்டும் வீழ்த்திவிட்டுக் கையைக் கட்டி நில்லுங்கள். உங்கள் அலையில் ஓரிருவர் மிஞ்சுவார்கள், அடுத்த அலை அவர்களோடு சேரும், வித்தியாசம் பெருகும். சிறிது நேரத்தில் பெரும் கூட்டம் ஒன்று எதிரியின் டவரை முட்டும். அதைச் சமாளிக்க அவன் அங்கேயே நிற்க வேண்டும். நீங்கள் கடைக்குப் போய் ஆயுதம் வாங்கலாம், நடு லேனுக்குக் கை கொடுக்கலாம்.

அப்படியானால் அலை ஏன் ஒரே பக்கமாக உருண்டுகொண்டே போவதில்லை? தூரம் தடுக்கிறது. மோதும் இடம் எதிரியின் பக்கம் நகர நகர, அவனுடைய புதிய அலை குறைவாக நடந்து முன்கூட்டியே வந்து சேரும். உங்களுடையது நீண்ட தூரம் நடந்து பிந்தி வரும். தள்ளப்பட்டவனுக்கு உதவி சீக்கிரம் கிடைக்கிறது. நன்றாக ஆடுபவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவார்கள். எதிரியின் மினியன் மூன்று, நான்கு கூடுதலாக இருக்கும்படி விட்டு, தங்கள் டவரின் எல்லைக்குச் சற்று வெளியே அவற்றைப் பிடித்து வைப்பார்கள். கடைசி நொடியில் மட்டும் அடிப்பார்கள். அலை அங்கேயே உறைந்து நிற்கும். தங்கம் வேண்டுமானால் எதிராளி உங்கள் வாசல்வரை வர வேண்டும், வந்தால் லேன்களுக்கு இடையிலுள்ள காட்டுக்குள்ளிருந்து உங்கள் கூட்டாளி பாய்வார். ஒருமுறைகூடச் சண்டை பிடிக்காமல் எதிராளியைப் பட்டினி போடும் வழி இது. லேன் ஆட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

இயந்திரம் என்ன கற்றது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2017 ஓகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியின் மேடையில், ஓபன்ஏஐ நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஒரே ஒரு லேனில், ஒருவருக்கு ஒருவராக, உக்ரைனின் டெண்டியை எதிர்கொண்டது. டெண்டி 2011 இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணியைச் சேர்ந்தவர். முதல் ஆட்டத்தில் தோற்றார், இரண்டாவதைப் பாதியில் விட்டுக்கொடுத்தார், மூன்றாவது வேண்டாம் என்றார். தன்னோடு தானே ஆடிப் பழகிய இயந்திரம், தன் மினியன்களின் முன்னால் குறுக்கே நடந்து அவற்றை மெதுவாக்கி, மோதும் இடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் நுட்பத்தையும் தெரிந்து வைத்திருந்தது. பிறகு மற்றவர்களை அதனுடன் ஆடவிட்டபோது, சிலர் அதை வீழ்த்தவும் செய்தார்கள். அவர்களுடைய தந்திரங்களில் ஒன்று, எதிரி மினியன்கள் கோட்டையிலிருந்து புறப்பட்டவுடனேயே அவற்றைத் தம்மைத் துரத்தவைத்து வேறு பக்கம் இழுத்துப் போவது. அலை லேனுக்கு வரவே இல்லை; இயந்திரம் குழம்பியது. வேகத்தில் அதை முந்த முடியாது. அலையைப் பற்றிய அறிவில் முந்தினார்கள்.

இதைவிட நம் ஊருக்குப் பொருந்தும் சேதி அடுத்த ஆண்டு வந்தது. ஐவர் அணியாக ஆடும் இயந்திரத்தின் எதிர்வினை நேரத்தை 80 மில்லிசெக்கனிலிருந்து 200 க்கு, ஏறக்குறைய மனிதரின் அளவுக்கு, 2018 இல் ஓபன்ஏஐ மந்தமாக்கியது. ஆட்டத்தின் தரம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. மந்தமாக்கப்பட்ட அதே இயந்திரம் 2019 ஏப்ரலில் உலகச் சம்பியன் ஓஜி அணியை 2–0 என வென்றது.

மலைக்கு வருவோம். ஆட்டத்தை நடத்தும் சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வையுங்கள். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். போய் வரக் குறைந்தது 27 மில்லிசெக்கன்; இதை யாராலும் குறைக்க முடியாது. திரையின் மூலையில் 90, 120 என்று தெரிவதில் மிச்சமெல்லாம் கடலடி வடத்தின் வளைவுகளிலும், வழியிலுள்ள கருவிகளிலும், போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலும் சேர்வது. பின்னேர மழையில் நெட் விழுவதற்கு எல்லோரும் மழைத்துளியைக் குற்றம் சொல்வார்கள். 4ஜி அலைவரிசையை மழைத்துளி அதிகம் மறைப்பதில்லை. நனைந்த இலைச்செறிவு மறைக்கும். கோபுரத்துக்குக் கோபுரம் செய்தி கடத்தும் உயர் அதிர்வெண் நுண்ணலைகளையும் கனமழை நலிவடையச் செய்யும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் ஜனவரி, பெப்ரவரியில் தோட்டத்துக்குள் இலைத் தடை குறைவு. இரத்தினபுரிப் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடி முழங்கும் பின்னேரத்தில் போனைச் சார்ஜில் போட்டபடி ஆடாதீர்கள். அது தோல்வியை விடப் பெரிய ஆபத்து.

தாமதம் எப்போதும் ஒரே அளவாக, 100 மில்லிசெக்கன் என்று இருந்தால் கை பழகிக்கொள்ளும். கடைசி அடியை ஒரு கணம் முந்தி அடிக்கப் பழகலாம். 60 இலிருந்து 300 க்குத் துள்ளினால் யாராலும் பழக முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆடுகிறவர்கள் நொடிப்பொழுதில் பாய்ந்து தப்பும் வீரர்களைத் தேர்வதை விட்டுவிட்டு, அடி தாங்கும் வீரரை எடுத்து, அலையைத் தம் டவரருகே உறையவைப்பது புத்தி. நெட் இரண்டு செக்கன் நின்றாலும் ஓடி ஒளிய டவர் பக்கத்தில் இருக்கும். மொபைல் லெஜண்ட்ஸில் இரண்டாவது நிமிடத்தில் ஆமை எனப்படும் பெரிய விலங்கு வரும்போது, அதை வீழ்த்த ஐவரும் ஓடுவார்கள். உங்கள் அலையைத் தள்ளி முடிக்காமல் ஓடினால் ஆமையும் போகலாம், அலையும் போகும்.

கடைசியாக, போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டில் கேமர் எல்.கே. போன்ற அமைப்புகள் 2007 முதலே இயங்குகின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் போட்டிகள் நடக்கின்றன. தகுதிச் சுற்றை அவரவர் வீட்டு இணைப்பில் நடத்தினால், கொழும்புப் பிள்ளையின் ஃபைபரும் தெரணியகலைப் பிள்ளையின் ஒற்றைக் கோடும் மோதும். கடைசி அடியின் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தலா ஒரு மண்டபம் பிடித்து, எல்லோரையும் ஒரே இணைப்பில் உட்காரவைத்து அந்தச் சுற்றை நடத்துங்கள்.