பகடையை உருட்டுவது யார்?

பூட்டிய பெட்டி ஒன்று. உங்கள் கதாபாத்திரம் பூட்டுக்குள் கம்பியை நுழைக்கிறது. உடனே திரையின் நடுவில் இருபது முகங்கள் கொண்ட பெரிய பகடை வந்து நிற்கிறது. மேலே 15 என்று ஓர் எண்; அதைத் தொட்டால்தான் பூட்டு திறக்கும். க்ளிக் செய்கிறீர்கள். பகடை உருண்டு 11-இல் நிற்கிறது. கைத்திறனுக்காக 5 கூடுகிறது. மொத்தம் 16. பெட்டி திறந்துகொள்கிறது.

இது ‘பால்டர்ஸ் கேட் 3’. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருக்கும் லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஆர்.பி.ஜி., அதாவது ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் ரோல் பிளேயிங் கேம். நூறு மணி நேரத்தை அலட்டிக்கொள்ளாமல் விழுங்கிவிடும். திரையில் பகடை உருள்வது நம் கண்ணுக்காக. எண்ணை முடிவு செய்வது உள்ளே நடக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்து போனால், இந்த மாதிரி ஆட்டங்களுக்கு எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வாங்கலாம் என்ற கேள்விக்கும் வழியிலேயே பதில் கிடைத்துவிடும்.

முதலில் கம்ப்யூட்டரே கிடையாது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டபோது, தேவைப்பட்டவை ஒரு மேசை, காகிதம், பென்சில், பகடைகள். கூடவே ‘டஞ்சன் மாஸ்டர்’ என்று ஒருவர். குகை எப்படி இருக்கிறது என்று வர்ணிப்பவர் அவர். பகடையில் விழுந்த எண்ணுக்கு விதிப்படி என்ன பலன் என்று தீர்ப்புச் சொல்பவரும் அவர். மூன்று வாரத்துக்கு முன் நீங்கள் ஒரு சத்திரக்காரனை ஏமாற்றியதை மறக்காமல் வைத்திருந்து, சமயம் பார்த்து நீட்டும் கணக்குப்பிள்ளையும் அவரே. வர்ணனை, தீர்ப்பு, நினைவு என்ற இந்த மூன்று வேலையையும் இன்று ஒரு இயந்திரம் செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு வர்ணிக்கிறது, பிராசஸர் தீர்ப்புச் சொல்கிறது, ரேமும் எஸ்.எஸ்.டி.யும் நினைவில் வைத்துக்கொள்கின்றன.

அந்தப் பொறுப்பு கைமாறிய கதை ருசியானது. இலினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்ற பெரிய கம்ப்யூட்டர் அமைப்பு இருந்தது. பாடம் நடத்துவதற்காக உருவாக்கியது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகளில் மாணவர்கள் படித்தார்கள். மேசை விளையாட்டு வெளிவந்த மறு வருடமே, 1975-இல், அந்தத் திரைகளில் குகையும் அரக்கர்களும் முளைத்துவிட்டன. ரஸ்டி ரதர்ஃபோர்ட் என்பவர் எழுதிய ஒரு ஆட்டத்தின் பெயர் ‘பெடிட்5’. எந்தக் கற்பனையும் இல்லாத பெயர் என்று தோன்றும். காரணம் இருக்கிறது: பாடக் கோப்பு மாதிரி தெரிந்தால் நிர்வாகிகள் கண்ணில் படாமல் தப்பிக்கலாம் என்ற நப்பாசை. தப்பிக்கவில்லை, கண்டுபிடித்து அழித்துவிட்டார்கள். அதற்குள் அதைப் பார்த்துச் சூடுபிடித்த வேறு மாணவர்கள் தங்கள் ஆட்டங்களை எழுதத் தொடங்கிவிட்டார்கள். கல்விக்காக உருவாக்கிய இயந்திரத்தில் இந்த வகை ஆட்டம் பிறந்தது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கிறது.

இனி பகடை. கம்ப்யூட்டருக்குக் குருட்டாம்போக்கு வராது. கொடுத்த கணக்கைப் போட்டு, வந்த விடையைச் சொல்லத்தான் அதற்குத் தெரியும். அதனால் ஒரு தந்திரம். 7 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 5-ஆல் பெருக்கி 3 கூட்டினால் 38. 16-ஆல் வகுத்தால் மீதி 6. அந்த 6-ஐ அதே மாதிரி பெருக்கிக் கூட்டி வகுத்தால் மீதி 1. பிறகு 8, பிறகு 11, பிறகு 10. வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு 7, 6, 1, 8, 11, 10 என்பதில் ஒரு ஒழுங்கும் தெரியாது. சூத்திரம் தெரிந்தவருக்கு அடுத்தது 5 என்று தெரியும். பதினாறு எண்களும் ஒரு சுற்று வந்த பிறகு மறுபடி 7-இல் ஆரம்பித்து அதே வரிசை திரும்பும்.

உண்மையான ஆட்டங்களில் சூத்திரம் இதைவிடப் பெரியது, அவ்வளவுதான். மகோட்டோ மட்சுமோட்டோ, டகுஜி நிஷிமுரா என்ற இரு ஜப்பானியர்கள் 1997-இல் உருவாக்கிய ‘மெர்சென் ட்விஸ்டர்’ முறையில், வரிசை திரும்ப ஆரம்பிப்பதற்கு முன் வரும் எண்களின் எண்ணிக்கையை எழுதவே 6,000 இலக்கங்களுக்கு மேல் வேண்டும். முதல் எண்ணை, அதாவது விதை எண்ணை, பெரும்பாலும் கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்து எடுப்பார்கள். சில ஆட்டங்கள் நாம் சேவ் செய்யும்போது இந்த விதையையும் சேர்த்தே சேமித்துவிடும். தோற்றதும் பழைய சேவ் கோப்பைத் திறந்து மறுபடி உருட்டினாலும் அதே தோல்விதான் வரும். விதி என்றால் இதுதான்.

அதைவிடச் சுவாரசியம், நேர்மையான பகடையை மனிதர்கள் நம்புவதில்லை என்பது. இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால், தோற்பதற்கு இருபதில் ஒன்பது வாய்ப்பு. தொடர்ந்து நான்கு முறை தோற்பதற்கு ஏறத்தாழ இருபத்துநான்கில் ஒன்று. கேட்கும்போது அரிதாகத் தெரியும். ஆயிரக்கணக்கான தடவை உருட்டும் ஆட்டத்தில் இது அடிக்கடி நடக்கும். நடக்கும்போதெல்லாம் ஆடுபவர் கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று கத்துவார். ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் இதற்காகவே ‘கார்மிக் டைஸ்’ என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்துத் தோல்வி விழுந்துகொண்டே இருந்தால் அது குறுக்கே புகுந்து வரிசையை உடைக்கும். கலப்படம் செய்த பிறகுதான் பகடை நியாயமானதாகத் தெரிகிறது! வேண்டாம் என்பவர்கள் அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம். நான் அணைத்துத்தான் வைப்பேன்.

பகடைக்கு ஆகும் கணக்கு அற்பமானது. எந்தப் பழைய கம்ப்யூட்டரும் நொடிக்குக் கோடிக்கணக்கில் உருட்டித் தரும். பிராசஸருக்கு வியர்ப்பது வேறு இடத்தில்: ஆட்ட உலகத்தையும் அதில் நீங்கள் செய்வதையும் கவனித்துக் குறித்துவைக்கும் பேரேட்டில்.

1985-இல் ரிச்சர்ட் கேரியட் எழுதிய ‘அல்டிமா 4’ ஆட்டத்தில் தோற்கடிக்க ஒரு பெரிய வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, வீரம் என்று எட்டு நற்குணங்களில் தேறுவதுதான் நோக்கம். மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைச் சரக்கை விற்பவர் பார்வையில்லாத ஒரு பெண். விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு தருகிறாய் என்று கேட்பார். குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஆனால், உங்கள் நேர்மைக் கணக்கிலிருந்து புள்ளிகள் சத்தமில்லாமல் கழியும். ரொம்ப நேரம் கழித்துத் தேர்வு வரும்போதுதான் தெரியும். அன்றைக்கு வேண்டியிருந்தது எட்டு எண்களை நினைவில் வைக்கும் அளவு இடம்.

இன்று அந்தப் பேரேடு எக்கச்சக்கமாக வீங்கிவிட்டது. ‘பால்டர்ஸ் கேட் 3’-இன் மூன்றாம் பாகத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும், நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்குக்கூடப் படம் தடுமாறியது. தெருவில் நிற்கும் கூட்டம்தான் காரணம். ஒவ்வொரு ஆளும் எங்கே போகிறான், யாரைப் பார்க்கிறான், நீங்கள் திருடுவது அவன் கண்ணில் படுமா, எரியும் பீப்பாய் அவனுக்கு எத்தனை அடி தூரம் என்பதையெல்லாம் கணக்கிடுவது பிராசஸர். மேசையைச் சுற்றி வளைந்து உங்களிடம் நடந்துவர ஒருவன் வழி கண்டுபிடிப்பதே ஒரு கணக்கு. அதற்கு ஆட்டங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘ஏ ஸ்டார்’ என்ற முறையை 1968-இல் வெளியிட்டவர்கள் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மூவர். ‘ஷேக்கி’ என்ற ரோபோ தடைகளைச் சுற்றிக்கொண்டு நகரத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் மந்திரவாதி நடப்பது அந்த ரோபோவின் வழியில்தான்.

ஆக, ஆர்.பி.ஜி. ஆடுவதற்கென்று கம்ப்யூட்டர் வாங்குபவர், முழுப் பணத்தையும் கிராபிக்ஸ் கார்டில் கொட்டிவிட்டு மிச்சத்துக்கு ஏதோ ஒரு பிராசஸர் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. கடைகளில் பெரும்பாலும் முதலில் காட்டுவது கார்டைத்தான். பளபளப்பு அங்கேதான் இருக்கிறது.

கார்டின் வேலை சிறியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சாதாரண முழு எச்.டி. திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல் ஒவ்வொரு நொடியும் வண்ணம் தீர்மானிக்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு, சுமார் 16.7 மில்லிநொடி. 4கே திரை வாங்கினால் புள்ளிகள் நான்கு மடங்கு. வேலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். திரையைப் பெரிதாக்கிவிட்டுக் கார்டைத் திட்டுவதில் பயனில்லை. துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு விலை உண்டு. நொடிக்கு 240 படம் காட்டும் மானிட்டருக்கு அங்கே பொருள் இருக்கிறது. ஒருவர் அடித்த பிறகு மற்றவர் யோசித்து அடிக்கும் ஆட்டத்தில் 40 படம் வந்தாலே திருப்தியாக ஆடலாம். மானிட்டரில் மிச்சமாகும் காசில் ரேமை 16 ஜி.பி. ஆக்குங்கள். ஒரே துண்டாகப் போடாமல் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாகப் போட்டால், பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் திறக்கும். பல லேப்டாப்களை ஒற்றைத் துண்டோடுதான் விற்கிறார்கள். காலி இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

‘பால்டர்ஸ் கேட் 3’ தன் வாயாலேயே கேட்பதைப் பார்த்தால் சிலருக்கு ஆறுதலாக இருக்கும். குறைந்தபட்சக் கார்டு ஜிடிஎக்ஸ் 970. ஆட்டம் வெளியானபோதே அதற்குக் கிட்டத்தட்ட ஒன்பது வயது. நன்றாக ஆட ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது அதற்கு நிகரான ஏ.எம்.டி. கார்டு போதும் என்கிறார்கள். ஆனால், 150 ஜி.பி. இடம் கேட்கிறது, அதுவும் எஸ்.எஸ்.டி.யில். பழைய ஹார்டு டிஸ்கில் ஏன் சரிப்படாது? அதற்குள் சுழலும் தட்டின் மேல் ஒரு சின்னக் கை நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம் போய்ச் சேரச் சுமார் 10 மில்லிநொடி ஆகும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 16.7 என்று பார்த்தோம். தெருவில் திரும்பும்போது நூறு சிறு கோப்புகள் வேண்டுமென்றால் அந்தக் கை நூறு தடவை ஓட வேண்டும். அதற்கே ஒரு நொடி போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் நகர எதுவும் இல்லை. அதே தேடலுக்கு ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மிக வேகமான, விலை கூடிய எஸ்.எஸ்.டி.தான் வேண்டும் என்பதில்லை. நடுத்தர விலையில் கிடைப்பதே தாராளம்.

லேப்டாப் வாங்குபவர்களுக்குத்தான் ஒரு கண்ணி காத்திருக்கிறது. ‘ஆர்டிஎக்ஸ் 4060’ என்ற ஒரே பெயர் ஒட்டிய இரண்டு லேப்டாப்கள் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. அந்தச் சிப்புக்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். அதைத் தீர்மானிப்பது லேப்டாப் தயாரிப்பவர். மெலிந்த அழகான உடம்புக்குள் வெப்பத்தை வெளியேற்ற இடம் இல்லை என்பதால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். பெட்டியின் மேல் இதைப் பெரிதாக அச்சிட்டு நான் பார்த்ததில்லை. தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் ‘டிஜிபி’ என்ற எண்ணைத் தேடுங்கள்.

வெப்பம் நம் ஊரில் கூடுதல் விஷயம். சிப்பின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் ஏறும் சூடு. 22 டிகிரி ஏ.சி. அறையில் 80 டிகிரியில் ஓடும் சிப், மே மாதச் சென்னையில் 38 டிகிரி அறையில் அதே வேலையைச் செய்தால் 96-ஐ எட்டப் பார்க்கும். நூறை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிநாட்டு வீடியோவில் பார்த்த வேகம் வீட்டில் வராததற்கு இதுவும் ஒரு காரணம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் உதிரிப் பாகங்களாக வாங்கி டெஸ்க்டாப் கட்டுபவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: காற்று நன்றாகப் போய்வரும் கேபினட்டையும் கூடுதலாக ஒரு ஃபேனையும் தாங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு யு.பி.எஸ்.ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் அந்தக் கோப்பே கெட்டுப்போகலாம். நாற்பது மணி நேரச் சாகசம் அதோடு போயிற்று.

இத்தனைக்கும் பணம் இல்லை, வீட்டில் இருப்பது ஆபீஸ் வேலைக்கான பழைய லேப்டாப்தான் என்றால் கவலை வேண்டாம். இந்த வகையின் மிகச் சிறந்த எழுத்து பழைய ஆட்டங்களில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. 1997-இல் வந்த ‘ஃபால்அவுட்’, 1999-இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ இரண்டும் இன்றைய எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். அதற்கும் கீழே போனால் ‘நெட்ஹேக்’ இருக்கிறது. 1987-இலிருந்து இலவசம். படம் கிடையாது, வெறும் எழுத்துகள். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் சுழிக்குறிதான் நீங்கள். குகை ஒவ்வொரு முறையும் புதிதாக, மேலே சொன்ன அதே மாதிரி எண் வரிசைகளால் அமைகிறது. செத்தால் செத்ததுதான், பழைய சேவுக்குத் திரும்ப முடியாது. முதல் அரை மணி நேரத்துக்குள் நீங்கள் சாவதற்கு வாய்ப்பு மிக அதிகம்; காரணம் சாப்பிடக் கூடாத எதையோ சாப்பிட்டதாகக்கூட இருக்கலாம்.